உப்புக் காற்றும் மஞ்சள் விளக்கும்

இருசக்கர வண்டியில் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் உள்ள எச்சரிக்கை விளக்குகள் பெரும்பாலும் ஒருமுறை எரிந்து, சில நொடிகளில் அணையும். இதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. சாவியைத் திருப்புவதும் ஸ்டார்ட்டரை அமுக்குவதும் ஒரே அசைவாகிப் போனவர்களுக்கு அந்த இரண்டு நொடி கண்ணில் படுவதே இல்லை. வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நேரம் அது. அப்போது எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை என்றால், பிறகு ஓடும்போது அது எரியாமல் இருப்பதை நம்பிப் பயனில்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர் டயரை உதைத்துப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கலாம். கோளாறை அப்படியே விட்டுவிட்டு விளக்கை மட்டும் செயலிழக்கச் செய்து விற்பவர்கள் உண்டு.

அணையாமல் நிற்கும் ஒரு விளக்கைப் பார்த்துப் பதறவும் வேண்டியதில்லை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதன் மஞ்சள் விளக்கு வண்டி நகரும் வரை எரிந்துகொண்டுதான் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து பல் வைத்த ஒரு வளையம் சுற்றுகிறது. பக்கத்தில் இருக்கும் சென்சார் ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பை அனுப்புகிறது. நின்றிருக்கும் சக்கரத்தில் துடிப்பு ஏது? துடிப்பு வராததற்குக் காரணம் வண்டி நிற்பதா, சென்சார் செத்ததா என்று ஏபிஎஸ் கணினிக்குத் தெரியாது. மணிக்கு ஐந்து பத்து கிலோமீட்டர் வேகம் தாண்டி, இரு சக்கரமும் ஒரே கணக்கில் சுற்றுகின்றன என்று கண்ட பிறகே அது விளக்கை அணைக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை மட்டும் வேகமாகச் சுழலவிட்டால் இதே விளக்கு மறுபடி எரியும். பின்சக்கரம் ஓடுகிறது, முன்சக்கரம் நிற்கிறது என்பது கணினிக்கு ஒவ்வாத செய்தி. சாவியை அணைத்துப் போட்டு, ஓட்டினால் சரியாகிவிடும். ஓட்டும்போதும் அணையவில்லை என்றால் வளையத்தில் சேறு, பஞ்சர் போடச் சக்கரத்தைக் கழற்றியபோது வளைந்த பல், முன் அச்சருகே அறுந்த வயர், இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். அதுவரை சாதாரண பிரேக் வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் இருக்காது.

எல்லா விளக்கும் ஒரே தரத்தவை அல்ல. சிவப்பு என்றால் நிறுத்து. ஆயில் பிரஷர் விளக்கு உள்ள வண்டியில், எஞ்சின் ஓடும்போது அது எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. ஆயில் அழுத்தம் இல்லாத பேரிங்குக்கு ஆயுள் மிகக் குறைவு. ரேடியேட்டர் உள்ள வண்டிகளின் வெப்ப விளக்கும் அப்படியே. நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகள் பலவற்றில் இந்தச் சிவப்பு விளக்குகளே கிடையாது. பச்சை நியூட்ரல், நீலம் ஹைபீம். இவை சேதி மட்டும் சொல்பவை. மீதமிருப்பது எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. கடலூர், சிதம்பரம் பக்கம் மெக்கானிக்கும் வண்டிக்காரரும் வாக்குவாதம் செய்வதெல்லாம் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

இந்த விளக்கு யாருக்காக உண்டானது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைமூட்டத்தோடு போராடிய கலிஃபோர்னியா மாநிலத்தின் காற்று வாரியம், 1988ஆம் ஆண்டு மாடல் முதல், வாகனம் தன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தானே கண்காணித்துக் கோளாறு என்றால் விளக்கு போட வேண்டும் என்று விதித்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்கெல்லாம் இதன் இரண்டாம் தலைமுறை கட்டாயமானது. நம் இருசக்கர வண்டிகளுக்கு 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது கார்புரேட்டர் ஏறத்தாழ விடைபெற்றது. பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்டரும் கணினியும் இந்த விளக்கும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஆக, விளக்கின் முதல் கவலை உங்கள் எஞ்சின் அல்ல, ஊர்க் காற்று. அதனால்தான் வண்டி நன்றாக ஓடும்போதே விளக்கு எரிகிறது. செயின் தளர்ந்து, கிளட்ச் வழுக்கி, வால்வு கடகடவென்று சத்தம் போடும்போது அது சும்மா இருக்கிறது.

அது எதைப் பார்த்து எரிகிறது? சீட்டுக்கு அடியிலோ பக்க மூடிக்குள்ளோ இருக்கும் எஞ்சின் கணினிப் பெட்டிக்குச் சூடும் தெரியாது, காற்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வோல்ட் மட்டும். பெரும்பாலான சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுத்து, திரும்பி வருவது எவ்வளவு என்று பார்க்கிறது. ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து அசையும் த்ராட்டில் சென்சார், முறுக்காதபோது ஏறத்தாழ 0.5 வோல்ட்டும் முழுதாக முறுக்கினால் 4.5 வோல்ட்டும் தரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் அரை அரை வோல்ட்டைச் சும்மா விட்டுவைத்ததற்குக் காரணம் உண்டு. வயர் அறுந்தாலோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ வோல்ட் சுழியத்துக்கோ 5க்கோ போய்விடும். அந்த எல்லைகளில் நல்ல சென்சார் ஒருபோதும் பேசாது. எனவே அங்கிருந்து குரல் வந்தால் கணினி நம்ப மறுத்து, விளக்கைப் போட்டு, பதிலுக்குத் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டுகிறது. வண்டி மந்தமாக, பெட்ரோலை அதிகம் குடித்தபடி வீடு வந்து சேர்வது அதனால்தான்.

ஆக, விளக்கு சொல்வது ஒன்றே: எனக்கு வந்த எண்ணை நான் நம்பவில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லவே இல்லை. சென்சார் பெயரோடு ஒரு கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வந்துவிட்டால் உடனே புது சென்சார் வாங்கி மாட்டுகிறோமே, பணம் வீணாவது அங்கேதான்.

அந்தக் குறியீட்டைச் சரியாகப் படித்தால் அதற்குள்ளேயே திசை இருக்கிறது. ஹோண்டாவின் பல மாடல்களில், குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமலேயே விளக்கின் சிமிட்டலை எண்ணலாம்: நீண்ட சிமிட்டல் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்று. ஏழு என்றால் எஞ்சின் வெப்ப சென்சார், எட்டு த்ராட்டில், ஒன்பது உள்ளே போகும் காற்றின் வெப்பம், பன்னிரண்டு இன்ஜெக்டர், இருபத்தொன்று சைலன்சர் பக்கத்து ஆக்சிஜன் சென்சார். ஸ்கேனர் இன்னும் நுணுக்கமாகச் சொல்லும். பி0117, பி0118 இரண்டும் அதே எஞ்சின் வெப்ப சென்சாரைத்தான் குறிக்கின்றன. முன்னது வோல்ட் மிகக் குறைவு, பின்னது மிக அதிகம். அதிகம் என்றால் பாதை அறுந்திருக்கிறது. குறைவு என்றால் வயர் எங்கோ எர்த்தில் ஒட்டுகிறது. சென்சாரைத் தொடுவதற்கு முன்பே தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது.

அந்தப் பாதையில்தான் கடலூர் வருகிறது.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, துறைமுகத்தை ஒட்டிய முதுநகர் ஆகிய இடங்களில் அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றில் ஏறி, நீர் வற்றி, உப்புத் துகளாகப் படிகின்றன. கரையை ஒட்டி மிக அதிகம். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். பலரும் மழைதான் எதிரி என்று நினைக்கிறார்கள். உப்புக்கு மழை தேவையே இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலூரில் இரவும் விடியலும் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். எனவே வாசலில் நிற்கும் வண்டியில், வயர்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளரிலும் இரவில் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் உருவாகிறது, நண்பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. வானம் தெளிந்திருக்கும் மாசி மாதத்திலும் இது நடக்கும். துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகும் வண்டிகளுக்கோ கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகிய தண்ணீர் பின்சக்கர சென்சார் மீதும் வால் விளக்கின் வயர் மீதும் நாள்தோறும் சொட்டுகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்து அரிப்பை அளந்து வந்திருக்கிறது. அதே சோதனையை நாம் இருசக்கர வண்டியை வைத்துத் தெருவில் நடத்திக்கொண்டிருக்கிறோம், அளக்காமல்.

கப்ளருக்குள் இருக்கும் ஊசிகள் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சுள்ள செம்புக் கலவை. வண்டியின் அதிர்வில் இரண்டு ஊசிகளும் மிக நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருக்கும், பூச்சு தேயும், அடியில் இருக்கும் செம்பை குளோரைடு பிடித்துக்கொள்ளும். பச்சையாகத் தெரிவது அதுதான், களிம்பு. சிதம்பரத்தில் வேரூன்றி வளர்ந்த சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொல்லும். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பது அதன் கட்சி. வேதியியல் இந்த இடத்தில் ஒத்துப்போகாது. நீரும் குளோரைடும் எட்டாத செம்பில் பச்சை ஏறாது. மெக்கானிக்குக் கிடைக்கும் ஆறுதல் அது ஒன்றுதான்.

ஹெட்லைட்டின் கப்ளரிலும் இதே களிம்பு ஏறுகிறது, ஆனால் அங்கே நடப்பது வேறு. 35 வாட் பல்பில் 3 ஆம்பியர் ஓடுகிறது. ஒரு ஓம் தடை சேர்ந்தாலே 3 வோல்ட் வரை அங்கே விழுந்துவிடும். வெளிச்சம் மங்குவது கண்ணுக்குத் தெரியும், கப்ளரும் சுடும். வெப்ப சென்சாரில் ஓடுவது மில்லி ஆம்பியர் கணக்கு. ஒரு ஓம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அவ்வளவு மெல்லிய மின்னோட்டத்தால் ஊசி மேல் படிந்த படலத்தைத் துளைத்துக்கொண்டு போகவும் முடியாது. தடை நூறு நூறாக ஏறும். குழியில் இறங்கும்போது தொடர்பு விட்டு, அடுத்த நொடி ஒட்டிக்கொள்ளும். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போகும்போது எரிந்த விளக்கு, பி.முட்லூரில் வண்டியை நிறுத்திக் காட்டும்போது அணைந்திருக்கும். மெக்கானிக் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். கெட்ட சென்சார் பெரும்பாலும் இப்படி வந்து வந்து போகாது. வந்து போவது இணைப்பின் குணம்.

எர்த்தை யாரும் கவனிப்பதில்லை. ஆக்சிஜன் சென்சார், புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட்டும் இல்லாவிட்டால் 0.9 வோல்ட்டும் தரும் சிர்கோனியா செல். ஏறத்தாழ 0.45 வோல்ட்டை நடுக்கோடாக வைத்துத்தான் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. இப்போது பேட்டரியின் எர்த் வயர் சட்டத்தில் பூட்டப்பட்ட போல்ட்டில் துருவேறி 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பம்ப்பும் விளக்கும் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால் அந்த போல்ட்டில் அரை வோல்ட் எழும். நடுக்கோட்டை விடப் பெரிய பிழை! ஒற்றை வயரோடு, சைலன்சர் உடம்பையே எர்த்தாகக் கொண்ட சென்சார்களில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் கடலோரத்தில் முதலில் துருப்பிடிப்பது சைலன்சர்தான். ஆக்சிஜன் சென்சார் கோடு வந்தால் நான் முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்துப் பூட்டச் சொல்வேன். பேட்டரியையும் ஒரு மல்டிமீட்டரால் பார்த்துவிட வேண்டும்: ஓய்வில் 12.6 வோல்ட் அளவு, ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில். ஸ்டார்ட்டர் அடிக்கும்போது 10க்கும் கீழே விழும் பேட்டரி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து கோடுகளை ஒரே நேரத்தில் பதிந்துவிடும். சம்பந்தமில்லாத கோடுகள் கூட்டமாக வந்தால் சென்சார்களை விட்டுவிட்டுப் பேட்டரியைப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

சிதம்பரம் கடலிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. அங்கே உப்பை விட வெள்ளமும் வயலும்தான் வண்டிக்குப் பகை. கொள்ளிடம் பெருகும்போதெல்லாம் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி பக்கம் தண்ணீர் சூழ்கிறது. கடலூரிலோ 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு, சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. முழுகிய வண்டியை வெளியே இழுத்ததும் எல்லோரும் செய்வது, சாவியைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. செய்யவே கூடாதது அதுதான். நனைந்த கப்ளரில் மின்சாரம் இருந்தால் அது மின்பகுப்புத் தொட்டியாகிவிடும். நேர்முனை ஊசியின் செம்பு கரைந்து வெளியேறும். மாதக்கணக்கில் ஏற வேண்டிய களிம்பு ஒரு பகலில் ஏறிவிடும். சாவி அணைந்திருந்தாலும் சில வயர்களில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் நிற்கிறது. எனவே முதல் வேலை பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுவது. பிறகு கப்ளர்களைப் பிரித்து, நல்ல தண்ணீரால் சேறு கழுவி, காற்றில் முழுதாகக் காயவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவிப் பூட்டலாம். உப்புத்தாள் போட்டு ஊசியைத் தேய்ப்பது வேண்டாம். மிச்சமிருக்கும் வெள்ளீயமும் போய்விடும்.

இன்னொரு வினோதம்: ஓடிச் சூடான எஞ்சினோடு தேங்கிய தண்ணீரில் இறங்கினால், சூடாக இருந்த கப்ளருக்குள் உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ரப்பர் சீல் வழியாக வெளித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வாட்டர் சர்வீஸில் சூட்டோடு சூடாக வேகத் தண்ணீர் அடிப்பதும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. சர்வீஸ் முடிந்து ஒரு வாரத்தில் விளக்கு எரிந்ததென்றால் காரணத்தை வெகுதூரம் தேட வேண்டாம். அறுவடைக் காலத்தில் வயலோர வீடுகளில் நிறுத்திய வண்டிக்கு எலியும் சேர்ந்துகொள்ளும். எலி கடித்த வயர் சுத்தமாக அறுந்தே இருப்பதால், களிம்பை விடக் கண்டுபிடிக்க எளிது.

வெள்ளத்துக்குப் பிறகு டேங்க்கையும் சந்தேகப்பட வேண்டும். இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை நேசிக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். எஞ்சின் இழுத்து இழுத்து ஓட, ஆக்சிஜன் சென்சார் உள்ளபடியே ஆக்சிஜன் அதிகம் என்று சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிப் பார்த்து, முடியாத கட்டத்தில் விளக்கைப் போடுகிறது. குற்றவாளியாகப் பிடிபடுவது உண்மை சொன்ன சென்சார்! எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் போய்ப் புதுச்சேரியின் மலிவு விலையில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வரும் கடலூர்க்காரர்களின் பழக்கத்துக்கு ஒரு பக்கப் பலன் உண்டு: நிறைந்த டேங்க்கில் ஈரக் காற்றுக்கு இடம் குறைவு. பெட்ரோல் விளக்கு எரிந்த பிறகும் நாள் கடத்துபவர்கள் பம்ப்பையும் சேர்த்து வாட்டுகிறார்கள், ஏனென்றால் டேங்க்குக்குள் இருக்கும் அந்த பம்ப்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான்.

குறியீட்டை அழித்து அனுப்பும் வைத்தியம் ஒன்று பரவலாக இருக்கிறது. ஸ்கேனரை மாட்டி அழித்தால் விளக்கு அணையும், வண்டிக்காரர் மகிழ்ந்து போவார். பொதுவாகக் கணினி ஒரே கோளாறை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டால் விளக்கைப் போடும். மூன்று ஓட்டங்களில் காணாவிட்டால் தானே அணைக்கும். உண்மையாகச் சரிசெய்தால் அழிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. சரிசெய்யாமல் அழித்தால், எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் கோளாறு வந்தது என்று கணினி பதிந்து வைத்த குறிப்பும் சேர்ந்து அழிகிறது.

எரியும் விளக்கை விடத் தொல்லையானது எரியாத விளக்கு. புழக்கத்தில் உள்ள ஒரு வகை வெப்ப சென்சார் 20 டிகிரியில் 2,500 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் அளவு தடை காட்டும். களிம்பால் 500 ஓம் கூடியது என்றால், 80 டிகிரியில் கணினிக்குத் தெரிவது 820 ஓம். அதன் அட்டவணைப்படி அது 50 டிகிரி. 50 டிகிரி என்பது நடக்கக்கூடிய எண், எல்லைக்குள்தான் இருக்கிறது. எனவே நம்புகிறது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. மைலேஜ் விழுகிறது, பிளக் கறுக்கிறது, மீட்டரில் ஒரு விளக்கும் இல்லை. வண்டிக்காரர் பங்க்கைத் திட்டுகிறார்.

இத்தகைய ஓட்டைகளை அடைக்கும் வகையில் 2023 ஏப்ரலிலும் பிறகு 2025 ஏப்ரலிலும் இருசக்கர வண்டிகளுக்கான கண்காணிப்பு விதிகள் அடுத்தடுத்து இறுக்கப்பட்டன. வோல்ட் எல்லைக்குள் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், ஒரு சென்சார் சொல்வது மற்றதோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர் இதே சோதனையை ஸ்கேனர் உள்ள கடையில் தானே கேட்டுச் செய்துகொள்ளலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, எஞ்சின் வெப்பத்தையும் காற்றின் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படிக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 30 என்று சொல்லும்போது எஞ்சின் 23 என்று சொன்னால், சித்திரை மாதத்துக் கடலூரில் அந்தக் குளிர் எஞ்சினுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, கப்ளரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.